படத்தில் பச்சை, செடியில் வெளுப்பு: ஏலத்தோட்டத்துப் போட்டோக்களால் தவறிய ஒரு கணிப்பு

பின்னணி

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் கம்பம்மெட்டு ஏறினால் சோதனைச்சாவடிக்கு அப்பால் கேரளம், இடுக்கி மாவட்டம். அங்குள்ள ஏலத்தோட்டங்களில் பல, கம்பம், கூடலூர், போடிப் பக்கத்துக்காரர்களுடையவை. வேலைக்கு ஏறுகிறவர்களிலும் நிறையப் பேர் இந்தப் பக்கத்து மக்கள்தான். விடியுமுன் ஜீப்பில் போய், சாயங்காலம் இறங்கிவிடுவார்கள்.

நான் வேளாண்மை படித்துவிட்டு கம்பத்தில் இருந்தபடி தோட்டக்காரர்களுக்கு நோய், பூச்சி, உரம் பற்றி ஆலோசனை சொல்கிறவன். எல்லாத் தோட்டத்துக்கும் நேரில் போய் வர முடியாது. அதனால் வேலையில் பாதி, செல்போனில் வரும் படங்களைப் பார்த்துப் பதில் சொல்வதுதான். சீசனில் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது பேர் அனுப்புவார்கள்.

இந்த நிகழ்வு உடும்பன்சோலை தாலுகாவில் உள்ள நாலு ஏக்கர் தோட்டத்தில் நடந்தது. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். முட்டி வலி இருப்பதால் வாரத்தில் இரண்டு நாள்தான் மேலே போவார். அன்றாட வேலையை மேற்பார்வை பார்ப்பது நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அக்கா. பத்து வருடத்துக்கு மேலாக அதே தோட்டத்தில் இருக்கிறார். இருவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். தவறு என்னுடையது என்பதால் அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

அக்டோபர்: முதல் படங்கள்

அக்டோபர் கடைசியில் பெரியவர் வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் அனுப்பினார். "தம்பி, ரெண்டு வரிசையில எல வெளுக்குது. என்னன்னு பாரு" என்று ஒரு குரல் பதிவும் இருந்தது. படங்களை எடுத்தது டேப்லெட்டில். கண் பார்வை மங்கியதால் மகன் வாங்கிக் கொடுத்த பெரிய திரை அது.

மூன்று படங்கள் செடி முழுவதையும் காட்டின. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், நிழல் மரங்களுக்கு அடியில் எடுத்தவை. கொஞ்சம் ஆடியிருந்தன. மற்ற இரண்டில் கையில் பிடித்த ஒரு இலை. கீழ்த்தட்டிலிருந்து பறித்த முதிர்ந்த இலை, நுனியிலிருந்து மஞ்சளடித்திருந்தது.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்தால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலைதான். அந்த வருடம் மழையும் அடித்துப் பெய்து சத்தை இழுத்துக்கொண்டு போயிருந்தது. படம் என் நினைப்போடு அப்படியே பொருந்தியது. பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன்: தழைச்சத்துக் குறைபாடு, இந்த உரத்தை இவ்வளவு போடுங்கள். இளங்குருத்தின் படம் ஒன்று வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பர்: அழகான படங்கள்

உரம் வைத்து ஐந்து வாரம் கழித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இந்த முறை மேற்பார்வை அக்கா தன் புதுப் போனில் எடுத்து அனுப்பினார். காலண்டரில் போடலாம் போல இருந்தன. இலையெல்லாம் கரும்பச்சை, பின்னால் மூடுபனி. "நல்லா தேறி வருது ஐயா" என்று பெரியவருக்குச் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்.

ஜனவரி மூன்றாம் வாரம் அந்த அக்காவே போன் செய்தார். "சார், போட்டோவுல நல்லாத்தான் இருக்கு. செடி நல்லா இல்ல."

மறுநாள் காலை ஜீப்பில் நானும் ஏறினேன்.

நேரில் பார்த்தது

செடியின் உச்சியிலிருந்து இரண்டாவது இளம் இலையை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. நடுநரம்பிலிருந்து விளிம்பு வரை, பக்க நரம்புகளுக்கு இணையாக, விட்டு விட்டு ஓடும் வெளிர்பச்சைக் கோடுகள். கட்டே நோய். தேமல் வகை வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. வந்த செடியைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். மண்ணாலோ, விதையாலோ, கத்தியாலோ இது பரவாது. நோயுள்ள கன்றை நட்டால் வரும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மூலம் செடிக்குச் செடி தாவும். மழைக்காலத்தில் அசுவினி குறைவாக இருக்கும், மழை விட்டபின் பெருகும். நாங்கள் உரம் போட்டுக் காத்திருந்த அந்த மூன்று மாதமும் அதற்குத் தோதான காலம்.

வரிசை வரிசையாக நடந்து எண்ணினோம். முப்பத்தொரு செடியில் கோடு தெரிந்தது. அக்டோபரில் எத்தனை இருந்திருக்கும் என்று கணக்கிட வழியில்லை. இரண்டு வரிசை என்று பெரியவர் சொன்னதை வைத்தால் ஏழெட்டு இருக்கலாம். அந்த வரிசைகளில் இருந்தவை இரண்டு வருடத்துக்கு முன் வெளியிலிருந்து வாங்கி நட்ட கன்றுகள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

அப்படியானால் மஞ்சளாகி இருந்த அந்த முதிர்ந்த இலை? அதுவும் பொய் இல்லை. மழைக்குப் பின் தழைச்சத்துக் குறைவு உண்மையாகவே கொஞ்சம் இருந்தது. கை எட்டிய இலையைப் பெரியவர் பறித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

படங்களைத் திரும்பப் பார்த்தபோது

ஏலம் காயவைக்கும் ஸ்டோரின் திண்ணையில் உட்கார்ந்து, டேப்லெட்டையும் அக்காவின் போனையும் என் போனையும் பக்கத்தில் வைத்துப் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எனக்கு அதிக பயன் தந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

டேப்லெட் படத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொதுவாக டேப்லெட்டில் வைக்கும் கேமரா, அதே விலைப் போனில் இருப்பதைவிடச் சாதாரணமானது. பெரிய பலகையை இரண்டு கையாலும் நீட்டிப் பிடிப்பதால் ஆட்டமும் அதிகம். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும், அந்த நேரத்தில் கை அசைந்தாலும் இலை அசைந்தாலும் படம் கலங்கும். கண்ணாடி மேல் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வேறு.

அக்காவின் போன் அப்படி இல்லை, நல்ல போன். பிரச்சினையே அங்கேதான். கேமரா எதிரில் இருப்பது செடி என்று கண்டுகொண்டு, பச்சையைத் தானாகவே கூட்டிக் காட்டும் வசதி அதில் இயங்கிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் சின்னதாக ஒரு இலைக் குறி வரும், அதுதான் அடையாளம். விருந்தாளிக்குக் காட்டும் படத்துக்கு அது அழகு. வெளிர்பச்சைக்கும் கரும்பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து நோய் கண்டுபிடிக்க வேண்டிய படத்தில், அந்த வித்தியாசத்தையே அது மெழுகி விட்டது. அதே இலையை அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தோம். கோடு மங்கலாகத் தெரிந்தது.

இன்னொன்று, நிழலில் எடுத்தபோது படத்தில் வரும் புள்ளிகளை நீக்கப் போன் தானே பூசி மெழுகும். மெல்லிய கோடும் அதற்குப் புள்ளி மாதிரிதான்.

அப்புறம் அனுப்பிய விதம். அக்காவின் போனில் இருந்த அசல் படம் 4000 × 3000 புள்ளிகள் (பிக்சல்). என் கைக்கு வந்தது 1600 × 1200. அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அது மட்டுமில்லை. ஜேபெக் முறையில் படத்தைச் சுருக்கும்போது வெளிச்ச விவரத்தை ஓரளவு காப்பாற்றிவிட்டு நிற விவரத்தைத்தான் முதலில் கழிப்பார்கள். வழக்கமாக நாலு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சும். மனிதக் கண் நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும் என்பதால் முகங்களிலும் காட்சிகளிலும் இது தெரியாது. கட்டே கோட்டில் வெளிச்ச வேறுபாடு கொஞ்சம், நிற வேறுபாடுதான் அதிகம். எது வேண்டுமோ அதுவே முதலில் கழிந்துவிட்டது. அசலைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு இடத்தில் கோடு இருந்தது. எனக்கு வந்த பிரதியில் எவ்வளவு பெரிதாக்கியும் இல்லை.

இதையெல்லாம் சொல்லி என் தவறைப் போன் மேல் போட நினைக்கவில்லை. இலையின் எந்தப் பாகத்தையும் நெருக்கமாகக் காட்டாத ஒரு படத்தைப் பார்த்து "தேறி வருது" என்று சொன்னவன் நான்.

எடுத்த முடிவுகள்

முதலில் செடி. முப்பத்தொன்றையும் அந்த வாரமே தோண்டி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே அழித்தார்கள். பெரியவர் காய் பிடித்திருந்த நாலு செடிகளை மட்டும் அறுவடை முடியும்வரை விடலாமா என்று கேட்டார். விடுவதென்றால் அவை அசுவினிக்குச் சோறு போடுகிற மாதிரி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுத்துருங்க" என்றார். மற்றச் செடிகளில் அசுவினி ஒளியும் காய்ந்த இலையுறைகளை உரித்து, ஓடை ஓரத்துக் காட்டுச்சேம்பையும் அகற்றினார்கள். அசுவினி அதிலும் வளரும்.

அடுத்தது படம். நேரில் வருவதைக் கூட்ட என்னால் முடியாது. எனவே படத்தைச் சரிசெய்ய வேண்டும். நல்ல கேமரா வாங்குவது பற்றிப் பெரியவரின் மகன் தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்றேன். இருந்த போனிலேயே அசல் படத்தில் கோடு இருந்ததே. தவறியது எந்த இலையை, எந்த வெளிச்சத்தில், எப்படி எடுத்து அனுப்புவது என்பதில்தான். டேப்லெட்டைப் படம் எடுப்பதற்குப் பயன்படுத்துவதில்லை, எடுத்ததைப் பெரிய திரையில் சரிபார்க்க மட்டும் என்றும் முடிவு செய்தோம். அதற்கு அது அருமையான கருவி. சின்னத் திரையில் கூர்மையாகத் தெரிந்த படம் அதில் கலங்கலாக இருப்பது உடனே தெரிந்துவிடும்.

ஸ்டோர் வாசலில் அரை மணி நேரம்

பிப்ரவரி முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அக்காவும் வேலைக்கு வரும் ஐந்து பெண்களும் உட்கார்ந்தார்கள். நான் நோட்டில் எழுதிப்போன முறையில் பாதிதான் கடைசியில் நின்றது.

நின்றவற்றில் முதலாவது, லென்ஸைத் துடைப்பது. மருந்தடித்த கையும் ஏலப்பிசுக்கும் பட்ட கண்ணாடி வழியே எதை எடுத்தாலும் வெள்ளைப் படலம் போட்டுவிடும். துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தித் துண்டு போதும், சேலைத் தலைப்பில் மண்துகள் இருந்தால் கீறிவிடும். காலை மூடுபனியில் லென்ஸில் ஈரம் படிந்தால், துடைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும், திரும்பப் படியும்.

இரண்டாவது தூரம். எல்லாரும் செய்தது, இலைக்கு நாலு விரல் தள்ளிப் போனை வைப்பது. போனின் முதன்மை கேமராவால் அவ்வளவு கிட்டத்தில் குவிய முடியாது. ஒரு சாண் தள்ளிப் போய், இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் கூர்மை வரும். ஐம்பது மெகாபிக்சல் கேமராவில் வழக்கமாக நாலு புள்ளியைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள், இரண்டு மடங்கில் நடுப்பகுதியின் அசல் புள்ளிகளையே எடுத்துக்கொள்வதால் பெரிய நட்டம் இல்லை. அதற்கு மேல் பெரிதாக்கினால் வெறும் ஊதிய படம். அக்காவின் போனில் கிட்டத்தில் எடுப்பதற்கென்று "மேக்ரோ" என்ற தனி லென்ஸ் இருந்தது. அது இரண்டு மெகாபிக்சல். பேரைப் பார்த்து நம்பி அதில் எடுத்திருந்தார். அதை மறந்துவிடச் சொன்னேன்.

மூன்றாவது, எந்தப் படங்கள். நாலு என்று வைத்தோம். செடி முழுவதும், உச்சி இளம் இலை வானத்துக்கு எதிரே, அதே இலை வெள்ளைத் தாள் மேல், இலையின் அடிப்புறம். வானத்துக்கு எதிரே எடுக்கும்போது கேமரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்து இலையைக் கறுப்பாக்கிவிடும். திரையில் இலை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் இலை ஒளிரும். இதைப் பழக்குவதற்குத்தான் நேரம் அதிகம் ஆனது. ஒரு தடவை கோடுகள் பளிச்சென்று தெரிந்தபோது ஒரு பெண், "இது எலும்பு படம் மாதிரில்ல இருக்கு" என்றார். உண்மையில் அது அதே வேலைதான் செய்கிறது.

வெள்ளைத் தாள் அக்காவின் யோசனை. நான் சாப்பாட்டு டப்பா மூடியைச் சொன்னேன், அது கண்ணாடி மாதிரி மினுங்கியது. அவர் செக்ரோல் நோட்டின் (ஆள் வருகைப் பதிவு) பின்பக்கத்தைக் கிழித்து வைத்தார். படத்தில் தாள் எந்த நிறமாக வந்திருக்கிறது என்று பார்த்தால், கேமரா நிறத்தை எவ்வளவு மாற்றியது என்பது எனக்குத் தெரியும். தாளிலும் ஒரு தொல்லை உண்டு, வெளுப்புக்காகச் சேர்க்கும் ரசாயனத்தால் வெயிலில் சற்று நீலம் அடிக்கும். எப்போதும் அதே நோட்டுத் தாள் என்றால் அது பொருட்டில்லை.

நிற்காதவையும் சொல்ல வேண்டும். போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் ஒன்று வாங்கிப் போனேன். அது குவிவது ஒரு மயிரிழைத் தூரத்தில் மட்டும், இலை சற்று அசைந்தாலும் போயிற்று. மூன்றாம் நாள் சருகுக்குள் விழுந்து காணாமலும் போய்விட்டது. ஃப்ளாஷ் ஈர இலையில் வெள்ளைப் புள்ளியாகத் தெறித்தது. மரக்கிளைகளுக்கு இடையே விழும் வெயில் திட்டு இலையில் பொய்க்கோடு போட்டதால் குடை நிழலில் எடுக்கச் சொன்னேன். அக்கா பிடித்தது பூப்போட்ட சிவப்புக் குடை, இலை முழுவதும் ஊதாவாக வந்தது. ஸ்டோர் மேல் கட்டிய நீலத் தார்ப்பாய்க்குக் கீழேயும் இதே கதை. கறுப்புக் குடை என்று நோட்டில் திருத்தி எழுதினேன்.

அனுப்புவதற்கு, படமாக அனுப்பாமல் "டாக்குமெண்ட்" என்று இணைத்து அனுப்பச் சொன்னேன். அசல் அப்படியே வரும். மலையில் சிக்னல் குறைவு என்பதால் மேலே இருந்து போகாது, கம்பம் இறங்கியபின் அனுப்புவார்கள். அரை நாள் தாமதம். அந்தத் தாமதம் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பிறகு நடந்தது

நோய் தாவியபின் அடையாளம் தெரிய மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம். எனவே ஜனவரியில் சுத்தம் செய்ததோடு முடியவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை அக்கா வரிசைகளில் நடந்து, சந்தேகமான செடியில் ஒரு நாடாவைக் கட்டி, நாலு படம் எடுத்தார். மார்ச்சில் பதினொன்று, ஏப்ரல் கடைசியில் ஆறு. பதினேழையும் படத்தை வைத்தே எடுக்கச் சொன்னேன். தோண்டியபின் இலைகளைக் கீழே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், எல்லாம் கட்டேதான்.

நடுவில் ஒரு பிழையும் நடந்தது. மார்ச்சில் வந்த ஒரு படத்தில் வெளிர்க் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. தோண்டலாம் என்று எழுதப் போனேன். கோடுகள் நரம்புக்கு இணையாக இல்லாமல் குறுக்கே ஓடுவது டேப்லெட்டில் பார்த்த பெரியவர் கண்ணில் பட்டது. "தம்பி, இது மருந்து வழிஞ்ச தடம்" என்றார். துடைத்தால் போயிற்று. நல்ல படம் வந்ததும் எனக்கு நம்பிக்கை அதிகமாகிவிட்டது, அதனால் வந்த அவசரம் அது. அதன்பின் வானத்துக்கு எதிரே பிடிக்குமுன் இலையைத் துடைப்பதும் முறையில் சேர்ந்தது.

ஜூனில் மழை பிடித்தபோது அந்த நாலு ஏக்கரில் நாற்பத்தெட்டு செடிகள் போயிருந்தன. ஏக்கருக்குச் சுமார் நானூறு செடி என்ற கணக்கில் சின்ன எண்தான். புதிதாக நட்டது காய்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதால் பெரியவருக்கு அது சின்னதாகத் தெரியவில்லை. அக்டோபரிலேயே கண்டிருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை.

நான் மாற்றிக்கொண்டது

பத்து நிமிடப் பதிலை விட்டுவிட்டேன். இலை மஞ்சள் என்று யார் சொன்னாலும், எந்த வயது இலை, கன்று எங்கே வாங்கியது என்று கேட்ட பிறகுதான் படத்தைத் திறக்கிறேன். படத்தில் இளம் இலை இல்லையென்றால் கணிப்புச் சொல்வதில்லை, "படம் போதாது, இந்த நாலையும் எடுங்க" என்று மட்டும் பதில். சிலருக்குக் கோபம் வருகிறது. ஒருவர் வேறு ஆளிடம் போய்விட்டார்.

தேறி வருகிறதா என்பதைப் புதுப் படத்தைத் தனியாகப் பார்த்துச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். நாடா கட்டிய அதே செடி, அதே நேரம், அதே தாள் என்றால்தான் பழைய படத்தோடு ஒப்பிடுகிறேன்.

காயில் சொறி, இலைப்பேன் போன்றவற்றுக்கு இதே நாலு படம் பொருந்தவில்லை. அங்கே அளவு முக்கியம். இப்போதைக்குக் காய் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைக்கச் சொல்கிறேன், அது 27 மில்லிமீட்டர். நாணயம் மினுங்கித் தொல்லை தருவதால் வேறு ஏதாவது வைக்கலாமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் தீப்பெட்டி வைத்து ஒரு படம் அனுப்பியிருந்தார்.